பிறவிக் குரலும் பெற்ற குரலும்: ஜி.என்.பி. – செம்மங்குடி ஒப்பீட்டை முன்வைத்து ஒரு திறனாய்வு

முன்னுரை

கலைஞர் இருவரை எதிரெதிரே நிறுத்தி, ஒருவரைப் 'பிறவிக் கலைஞர்' என்றும் மற்றவரை 'உழைப்பால் உயர்ந்தவர்' என்றும் பகுத்துரைப்பது தமிழ்க் கலைத் திறனாய்வில் வேரூன்றிவிட்ட வழக்கமாகும். இருபதாம் நூற்றாண்டு இசைமேடையில் இப்பகுப்பிற்கு மிகுதியும் சான்றாக்கப்பட்டவர்கள் ஜி.என். பாலசுப்பிரமணியமும் (1910–1965) செம்மங்குடி சீனிவாச ஐயரும் (1908–2003) ஆவர். ஒரே காலத்தில் மேடையேறி, ஒரே அவையோரின் பாராட்டைப் பகிர்ந்துகொண்ட இவ்விருவருள் முன்னவர் இயற்கை அளித்த குரலால் வென்றவர் என்றும், பின்னவர் இயற்கை மறுத்த குரலை உழைப்பால் வென்றவர் என்றும் இசைச்சுவைஞர்கள் இன்றளவும் பேசி வருகின்றனர்.

இருவருள் யார் பெரியவர் எனத் தீர்ப்பளிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. 'இயல்பு', 'உழைப்பு' என்னும் இரு சொற்களும் எவற்றைப் புலப்படுத்துகின்றன, எவற்றை மறைக்கின்றன என்பதை ஆராய்வதே நோக்கம். இவ்விரண்டிற்கும் இடையே தமிழ் மரபு 'கேள்வி' என்னும் மூன்றாவது கருத்தொன்றைப் போற்றி வந்துள்ளது. அதனைக் கணக்கில் கொள்ளாத ஒப்பீடுகள் கலைஞர்க்கும் கலைக்கும் நேர்மை செய்யா என்பதே இங்கு நிறுவ முற்படும் கருத்தாகும்.

இருவர் வரலாறும் நிலைபெற்ற மதிப்பீடும்

செம்மங்குடி சீனிவாச ஐயர் 1908ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 25ஆம் நாள் திருக்கோடிக்காவலில் பிறந்தார். புகழ்பெற்ற வயலின் மேதை திருக்கோடிக்காவல் கிருஷ்ண ஐயர் இவருடைய தாய்மாமன். இளமையில் இவருடைய குரல் கரடுமுரடாக இருந்தது என்பதும், அதனைக் கேட்ட மூத்த கஞ்சிராக் கலைஞர் ஒருவர் வாய்ப்பாட்டைக் கைவிட்டு வயலின் கற்குமாறு அறிவுரைத்தார் என்பதும் இசையுலகில் பலகாலும் சொல்லப்பட்டு வரும் செய்திகள். அவ்வறிவுரையை அவர் ஏற்கவில்லை. உறவினரான செம்மங்குடி நாராயணசுவாமி ஐயர், கோட்டுவாத்தியக் கலைஞர் திருவிடைமருதூர் சகாராம ராவ், உமையாள்புரம் சுவாமிநாத ஐயர், மகாராஜபுரம் விசுவநாத ஐயர் ஆகியோரிடம் அடுத்தடுத்துப் பயின்றார். ஓயாத அகார சாதகத்தால் குரலை வசப்படுத்தினார். 1926இல் மேடையேறிய அவர், 1947இல் தம் 39ஆம் வயதில் சென்னை மியூசிக் அகாதமியின் சங்கீத கலாநிதி விருதினைப் பெற்றார்.

கூடலூரில் பிறந்த ஜி.என். பாலசுப்பிரமணியத்தின் இளமை வேறு வகையில் அமைந்தது. தந்தையார் ஜி.வி. நாராயணசாமி ஐயர் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர், இசையறிவு மிக்கவர். மகன் இசையைத் தொழிலாகக் கொள்ளாது கல்வியில் தேறவேண்டும் என்பது குடும்பத்தின் விருப்பம். அவ்வாறே ஆங்கில இலக்கியத்தில் சிறப்புப் பட்டம் பெற்றார். 1928இல் மயிலைக் கபாலீசுவரர் கோயில் விழாவில் முசிறி சுப்பிரமணிய ஐயர் வர இயலாதபோது அவ்விடத்தை நிரப்பிய இளைஞர், அன்று தொடங்கி முன்னணிப் பாடகராக வளர்ந்தார். எளிதில் மேலெழும் குரல், மின்னலெனப் பாயும் பிருகாக்கள், தோற்றப் பொலிவு ஆகியன அவரை 'பாமா விஜயம்' (1934), 'சகுந்தலை' (1940) போன்ற திரைப்படங்களுக்கும் இட்டுச்சென்றன. 1958இல் அவரும் சங்கீத கலாநிதி ஆனார்.

இவ்விரு வரலாறுகளையும் அடுத்தடுத்துப் படிப்போர்க்கு மேற்சுட்டிய பகுப்பு இயல்பாகவே தோன்றும். ஒருவருக்குக் குரல் வாய்த்தது; மற்றவர் குரலை ஈட்டினார். எனினும் இப்பகுப்பு வரலாற்றின் தரவா, அன்றிக் கேட்போர் அவ்வரலாற்றின்மீது ஏற்றிய சட்டகமா என்னும் வினா எழுகிறது. இவ்வினாவிற்கு விடைகாண, கலைஞர் திறனையும் கலைப்போட்டியையும் தமிழ் இலக்கியங்கள் எவ்வாறு கண்டன என்பதை முதலில் நோக்குதல் தகும்.

இலக்கியங்கள் காட்டும் கலைத்திறன்

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை மாதவியை அறிமுகம் செய்யும் முறை கருதத்தக்கது. சாபத்தால் மண்ணுலகில் பிறந்த உருப்பசியின் வழிவந்தவள் மாதவி என்று காதை தொடங்குகிறது. வானுலக ஆடல்மகளின் மரபு என்பதைவிடப் பெரிய பிறப்புரிமை ஆடற்கலைக்கு இருத்தல் அரிது. ஆயினும் இளங்கோவடிகள் அதனோடு அமையவில்லை. ஐந்தாம் ஆண்டில் தொடங்கி ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் ஆண்டில் அவள் மன்னன் முன் அரங்கேறினாள் என்று கணக்குச் சொல்கிறார். அவளை உருவாக்கிய ஆடலாசான், இசையாசிரியன், புலவன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகியோரின் தகுதிகளைத் தனித்தனியே விரிக்கிறார். பின்னர் அரங்கின் அளவுகளைக் கூறுகிறார். தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன் மதிப்பும் அவளுக்கு வாய்ப்பது இவ்வளவிற்கும் பின்னரே. பிறப்பு ஒரு சில அடிகளில் முடிய, பயிற்சியும் அதற்குத் துணைநின்ற மனிதர்களும் காதையின் பெரும்பகுதியை நிறைக்கும் இவ்வமைப்பே ஒரு திறனாய்வுக் கருத்தாகும்.

சீவக சிந்தாமணியின் காந்தருவதத்தையார் இலம்பகம் இச்சிக்கலைப் போட்டியாகவே நடத்திக் காட்டுகிறது. தத்தை விஞ்சையர் குலத்தவள். இசை அவளுக்குக் குலச்சொத்து. அவளை யாழில் வெல்பவனே மணக்கலாம் என்பது நிபந்தனை. பலரும் தோற்றபின் வரும் சீவகன் உடனே இசைக்கத் தொடங்குவதில்லை. தனக்குத் தரப்படும் யாழ்களை ஒவ்வொன்றாக ஆய்ந்து, ஒன்று நீரில் நின்று இளகிய மரத்தாலானது, மற்றொன்று வாளால் புண்பட்டது, இன்னொன்று இடிவீழ்ந்த மரத்தாலானது எனக் குற்றம் கண்டு விலக்குகிறான். கருவியின் மரம் வளர்ந்த வரலாற்றை ஒலியிலிருந்து அறியும் செவி அவனுடையது. அச்சணந்தியிடம் பெற்ற கல்வியும் கூர்மையான கேட்கும் திறனும் ஒன்றிய இடம் அது. பிறப்பால் இசை வாய்த்தவள் தோற்கிறாள். கேட்கக் கற்றவன் வெல்கிறான்.

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் இதனை மேலும் ஆழப்படுத்துகிறது. விறகு விற்ற படலத்தில் வடபுலத்து யாழ்வல்லான் ஏமநாதன் வரகுண பாண்டியனின் அவையில் சிறப்புப் பெறுகிறான். அவனோடு போட்டியிடுமாறு பாணபத்திரன் பணிக்கப்படுகிறான். மதுரை வீதிகளில் ஏமநாதனின் மாணவர்கள் பாடுவதைக் கேட்ட பாணபத்திரன், மாணவரே இத்தகையர் எனின் ஆசிரியன் எத்தகையன் என அஞ்சி இறைவனிடம் முறையிடுகிறான். இறைவன் விறகு சுமக்கும் முதியவராக ஏமநாதனின் திண்ணையில் அமர்ந்து சாதாரிப் பண் பாடுகிறார். தாம் பாணபத்திரனிடம் பயில முயன்று, தகுதியில்லை என ஒதுக்கப்பட்டவர் என்கிறார். அதனைக் கேட்ட ஏமநாதன் அன்றிரவே ஊரைவிட்டு அகல்கிறான்.

இப்படலத்தைப் பக்திநூலாக மட்டுமன்றிக் கலைத்திறனாய்வு நூலாகவும் படிக்க இடமுண்டு. போட்டியாளர் இருவரும் ஒருவர்முன் ஒருவர் பாடவேயில்லை. இருவரும் எதிரியின் திறனை அவன் மாணவரைக் கேட்டே அளக்கின்றனர். பாணபத்திரன் ஏற்கப்பட்ட மாணவரைக் கேட்டு அஞ்சுகிறான். ஏமநாதன் விலக்கப்பட்ட மாணவரைக் கேட்டு அஞ்சுகிறான். ஒரு கலைஞனின் அளவுகோல் அவனிடமிருந்து பிறருக்குச் செல்வது எதுவோ அதுவே என்னும் கருத்து இதில் அடங்கியுள்ளது. தன்னோடு பிறந்து தன்னோடு அழிவது மட்டுமே திறன் எனின் இவ்வளவுகோலுக்கு இடமில்லை.

பின்னர் வரும் இசைவாது வென்ற படலத்தில் பாணபத்திரனின் மனைவிக்கும் ஈழத்துப் பாடினிக்கும் வாது நிகழ்கிறது. மன்னன் ஒருபுறம் சாய, அவையோரும் அவன் குறிப்பையே தொடர்கின்றனர். வாது இறைவன் திருமுன்னுக்கு மாறிய பின்னரே பாணபத்திரன் மனைவியின் வெற்றி ஒப்புக்கொள்ளப்படுகிறது. பாடியவர்கள் மாறவில்லை, கேட்ட இடம் மாறியது. கலைஞர்பற்றிய தீர்ப்பு என்பது கேட்போரைப் பற்றிய செய்தியும் ஆகும் என்பதை இதனினும் தெளிவாகச் சொல்லுதல் அரிது.

கேள்வி என்னும் மூன்றாம் கூறு

வள்ளுவர் கல்வியை ஓர் அதிகாரத்திலும் (40) கேள்வியை மற்றோர் அதிகாரத்திலும் (42) வைத்தார். கற்றலினின்று வேறுபட்ட தனியொரு செல்வமாகக் கேட்டலைக் கருதும் மரபு இது. நன்னூலார் பொதுப்பாயிரத்தில் மாணாக்கரை அன்னம், ஆ, மண், கிளி, இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என உவமைகளால் தரம்பிரிக்கிறார். இது பிறவித் தகுதியை ஏற்பது போலத் தோன்றும். ஆயின் அவரே, பாடத்தை இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் கேட்பதால் விளையும் பயனையும் அடுத்துரைக்கிறார். மாணவனின் தரத்தைச் சொன்ன அதே பகுதியில் கேள்வியின் எண்ணிக்கையும் பேசப்படுவது நோக்கத்தக்கது.

இசைத்துறையில் 'கேள்வி ஞானம்' என்பது வழக்கிலுள்ள கலைச்சொல். முறையாக ஆசிரியரிடம் அமராமல் கேட்டுக்கேட்டே பெற்ற அறிவு என இதற்குப் பொருள் கொள்வர். சற்றுக் குறைத்துச் சொல்லும் தொனியும் இச்சொல்லில் உண்டு. உண்மையில் எவ்வகைப் பயிற்சிக்கும் கேள்வியே அடித்தளமாகும். சாதகம் குரலைப் பழக்குவது. கேள்வி செவியைப் பழக்குவது. சாதகம் பிறர் கண்ணுக்கும் காதுக்கும் புலனாகும். விடியற்காலையில் ஆற்றங்கரையில் அகாரம் பாடுவோனை ஊரே அறியும். கேட்டுக்கொண்டு ஒரு மூலையில் அமர்ந்திருக்கும் சிறுவனை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆண்டுகள் சென்றபின் அச்சிறுவன் வாய்திறந்து பாடும்போது, வந்த வழி தெரியாமையால் அது பிறவியில் வந்தது எனப்படுகிறது.

மறுவாசிப்பு

இக்கருத்தைக் கைக்கொண்டு இருவர் வரலாற்றையும் மீளநோக்கலாம். ஜி.என்.பி. வளர்ந்த இல்லம் வித்துவான்கள் வந்து செல்லும் இல்லமாக இருந்தது. தந்தையார் சபையோடு தொடர்புடையவர் ஆதலின், சென்னையின் தலைசிறந்த கச்சேரிகளைக் கேட்கும் வாய்ப்பு சிறுவயதிலேயே அவருக்குக் கிட்டியது. அரியக்குடி இராமாநுஜ ஐயங்காரை மானசீக குருவாகக் கொண்டார். நாகசுரச் சக்கரவர்த்தி டி.என். இராஜரத்தினம் பிள்ளையின் இராக ஆலாபனையில் தோய்ந்து, அக்கருவியின் வேகப் பிடிகளையும் நீண்ட மூச்சையும் மனிதக் குரலுக்குக் கொண்டுவர முயன்றார். மதுரை சுப்பிரமணிய ஐயரிடம் பயின்றதோடு, சென்னைப் பல்கலைக்கழகத்தின் இசைப் பட்டயப் படிப்பில் டைகர் வரதாச்சாரியாரின் வழிகாட்டலையும் பெற்றார். கிரகபேதத்தை மேடையில் கையாண்டதும், நூற்றுக்கணக்கில் கீர்த்தனைகள் இயற்றியதும் குரல்வளத்தால் மட்டும் நிகழக்கூடியவை அல்ல. அவை சிந்தனையின் உழைப்பு. அவருடைய 'இயல்பு' என்பது பெரும்பாலும் பிறர் காணாத கேள்வியின் விளைவு எனலாம்.

செம்மங்குடியின் 'உழைப்பு' என்பதிலும் மறைந்துள்ள ஒன்றுண்டு. கிருஷ்ண ஐயரின் மருமகனாகப் பிறந்த அவர் குழந்தைப் பருவத்தைக் கழித்த வீடு இசை நிறைந்த வீடு. அடுத்தடுத்து வாய்த்த ஆசிரியர்கள் காவிரிக்கரை மரபின் சிறந்த பிரதிநிதிகள். அவர்களுள் சகாராம ராவ் கருவியிசைக் கலைஞர் என்பது குறிப்பிடத்தக்கது. கோட்டுவாத்தியத்தின் வழுக்கி நகரும் கமகத்தைச் செவிவழி உள்வாங்கியவருக்குக் குரலின் கரடு ஒரு தடையாக மட்டும் இருந்துவிடவில்லை. உழைப்பு அவருடைய குரலை மென்மையாக்கிவிடவுமில்லை. மூக்கொலியும் கரகரப்பும் இறுதிவரை இருந்தன. அக்குரலுக்கு ஏற்ற பாணியொன்றை அமைத்துக்கொண்டதே அவருடைய வெற்றி. அழுத்தமான கமகம், சொற்களை விடாது பற்றிச்செல்லும் நிரவல், கரகரப்பிரியா போன்ற இராகங்களைப் பொறுமையுடன் அடுக்கிக் கட்டும் முறை ஆகியன அப்பாணியின் கூறுகள். எந்த இடத்தில் குரல் வராது என்பதை அறிந்து அவ்விடத்தைச் சுற்றிக் கலையைக் கட்டுவதற்குத் தேவையானது தன் குரலையே பிறர் குரல்போலக் கேட்கும் செவியாகும்.

ஆக, குரல் இணங்கும்போது உழைப்பு மறைகிறது. குரல் முரணும்போது உழைப்பு தெரிகிறது. இரண்டிடத்தும் உழைப்பும் கேள்வியும் உள்ளன. வேறுபடுவது அவை வெளித்தெரியும் அளவே.

இயற்கை என்று ஒன்றில்லை எனச் சொல்வதாக இதனைக் கொள்ளலாகாது. ஜி.என்.பி. கேட்ட அதே கச்சேரிகளைக் கேட்டவர் பலர். அவர்களுள் அவ்வேகத்தை எட்டியவர் மிகச் சிலர். குரல்வளையின் அமைப்பு ஒவ்வொருவர்க்கும் வேறு. எனினும் அவ்வமைப்பு கலையின் எந்த அளவினது என்பதற்கு அவருடைய பிற்கால இசையே சான்று. குரலின் வேகம் குறைந்த ஆண்டுகளில் அவர் நிதானமான பாணிக்கு மாறினார். இயற்கை கொடுத்ததை இயற்கையே திரும்பப் பெற்றபோது எஞ்சியிருந்தது அவர் ஈட்டியது. மறுபுறம், தொண்ணூறு வயதை எட்டிய பின்னும் மேடையேறிய செம்மங்குடியின் நெடிய உடல்நலத்தை யாரும் 'பிறவிப் பேறு' எனச் சொல்வதில்லை. உழைப்பாளி என முத்திரை பெற்றவருக்கு இயற்கை அளித்த கொடையும் கணக்கில் வாராமற் போகிறது.

பாணபத்திரன் படலம் தரும் அளவுகோலும் இங்குப் பொருந்தும். ஜி.என்.பி.யின் பாணி எம்.எல். வசந்தகுமாரிக்கும், தஞ்சாவூர் எஸ். கல்யாணராமனுக்கும், ராதா – ஜெயலட்சுமிக்கும், திருச்சூர் வி. இராமச்சந்திரனுக்கும் சென்றது. வசந்தகுமாரி 1977இலும் அவர் மாணவி சுதா ரகுநாதன் 2013இலும் சங்கீத கலாநிதி ஆயினர். ஆண்குரலில் தோன்றிய ஒரு பாணி பெண்குரலுக்கு மாறி மூன்றாம் தலைமுறைக்கும் சென்றதெனின், அது ஒருவருடைய தொண்டையோடு பிறந்த பொருளாக இருத்தல் இயலாது. கற்பிக்கத்தக்க, கற்கத்தக்க கலையறிவாகவே இருத்தல் வேண்டும். செம்மங்குடியிடமிருந்தும் பி.எஸ். நாராயணசாமி முதல் டி.எம். கிருஷ்ணா வரை, தம்முள் குரலாலும் நோக்காலும் வேறுபட்ட பலர் பெற்றனர். அவர்களுக்குச் சென்றது அவருடைய கரகரப்பு அன்று. திருவனந்தபுரம் சுவாதித் திருநாள் இசைக்கல்லூரியின் தலைமைப் பொறுப்பை நெடுங்காலம் வகித்த செம்மங்குடிக்குப் பின், 1960களின் முற்பகுதியில் அதே பொறுப்பில் ஜி.என்.பி. அமர்ந்தார். 'பிறவி' என்றும் 'உழைப்பு' என்றும் எதிர்நிறுத்தப்பட்ட இருவரும் கற்பித்தல் என்னும் ஒரே இருக்கையில் அடுத்தடுத்து அமர்ந்தமை சிந்திக்கத்தக்கது.

'பிறவி' என்னும் புகழ்ச்சியின் மறுபக்கம்

இப்பகுப்பு இருவரைப் பற்றியதாக மட்டும் நின்றிருந்தால் அதனைச் சுவைஞர் பேச்சு என விட்டுவிடலாம். அது சமூகத் தளத்திற்கு நகரும்போது கருத்துக்கேடு விளைக்கிறது. இசை வேளாளர் மரபுக் கலைஞர்களைப் பற்றிய எழுத்துகளில் 'இரத்தத்தில் ஊறிய கலை' என்னும் தொடர் மீண்டும் மீண்டும் வருவதைக் காணலாம். புகழ்ச்சியாகவே இது சொல்லப்படுகிறது. ஆயின் ஒரு மரபினர்க்குக் கலை இரத்தத்தில் வருகிறது எனின், அவர்கள் பட்ட பாடு எங்கே போயிற்று?

டி.என். இராஜரத்தினம் பிள்ளை (1898–1956) கட்டுக்கடங்காத பிறவி மேதை எனவே நினைவுகூரப்படுகிறார். அவருடைய தோடி இன்றும் பழங்கதைபோலப் பேசப்படுகிறது. அவர் இளமையில் வாய்ப்பாட்டைத் திருக்கோடிக்காவல் கிருஷ்ண ஐயரிடம் பயின்றவர். அதன் பின்னரே நாகசுரத்தில் தேர்ந்தார். சுருதி தாழ்ந்த பாரி நாயனம் உருவாகத் தூண்டுகோலாக இருந்தவரும் அவரே. கருவியின் அளவையே மாற்றிச் சிந்தித்தவர். உழைப்பின் சின்னமாகக் காட்டப்படும் செம்மங்குடியும், பிறவி மேதையாகக் காட்டப்படும் இராஜரத்தினமும் ஒரே வயலின் கலைஞரின் இசைச்சூழலைத் தொட்டு வளர்ந்தவர்கள். ஒருவருடைய கல்வி வரலாறாகச் சொல்லப்பட, மற்றவருடைய கல்வி மேதைமையின் ஒளியில் மறைந்துபோயிற்று.

ஆடற்கலையிலும் இதே நிலை. தஞ்சை டி. பாலசரசுவதி (1918–1984) வீணை தனம்மாளின் பேத்தி. அவருடைய அபிநயம் குலச்சொத்து எனப்பட்டது. கந்தப்ப பிள்ளையிடம் மழலைப் பருவத்திலேயே தொடங்கிக் கடும் பயிற்சி பெற்று, ஏழாம் வயதில் காஞ்சிபுரத்தில் அரங்கேறியவர் அவர். தனம்மாள் இல்லத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் நிகழ்ந்த வீணையிசையைக் கேட்டு வளர்ந்த செவி அவருடையது. மரபுக்கு வெளியிலிருந்து வந்து, வளர்ந்த பருவத்தில் மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் பயின்று 1935இல் மேடையேறிய ருக்மிணி தேவியின் (1904–1986) பயிற்சி துணிவு என்றும் அர்ப்பணிப்பு என்றும் விரித்துரைக்கப்பட்டது. அவருடைய துணிவும் அவர் 1936இல் நிறுவிய கலாசேத்திரத்தின் பணியும் போற்றத்தக்கனவே. ஆயினும் ஒருவர் ஏழாண்டுப் பருவத்திற்கு முன் பட்ட பாடு 'பிறப்பு' எனவும், மற்றவர் முப்பதாண்டுப் பருவத்தில் பட்ட பாடு 'உழைப்பு' எனவும் பெயர் பெறுவது அளவுகோலின் கோணலையே காட்டுகிறது. மாதவியின் ஏழாண்டுகளை எண்ணிச் சொன்ன இளங்கோவடிகள் இக்கோணலுக்கு இடங்கொடுக்கவில்லை.

உலகளாவிய ஆய்வுகள்

இவ்வெதிர்நிலை தமிழுக்கு மட்டும் உரியதன்று. மொசார்ட்டைத் தெய்வ அருள் பெற்றவராகவும் சாலியேரியைப் பொறாமையால் வெந்த உழைப்பாளியாகவும் காட்டும் நாடகத்தைப் புஷ்கின் 1830இல் எழுதினார். பீட்டர் ஷாஃபரின் 'அமேதியஸ்' (1979) அதனை உலகறியச் செய்தது. வரலாற்றில் மொசார்ட் தந்தையாரின் இடைவிடாப் பயிற்சியில் வளர்ந்தவர்; சாலியேரி பேத்தோவன், ஷூபர்ட் ஆகியோருக்கு ஆசிரியராக விளங்கியவர். கதைக்கு எளிய எதிர்நிலை தேவைப்பட்டது; வரலாறு அதற்கு இசையவில்லை.

உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சனும் உடன் ஆய்வாளரும் பெர்லின் இசைக்கல்லூரி வயலின் மாணவரை ஆராய்ந்து 1993இல் வெளியிட்ட ஆய்வு, தேர்ந்த மாணவர்கள் இருபது வயதிற்குள் சராசரியாகப் பத்தாயிரம் மணிநேரம் தனிப்பயிற்சி செய்திருந்தனர் எனக் காட்டிற்று. இதனைப் பயிற்சிவாதத்தின் வெற்றியாகப் பலர் கொண்டனர். பல ஆய்வுகளை ஒருங்குதிரட்டி மக்னமாராவும் பிறரும் 2014இல் வெளியிட்ட பகுப்பாய்வு, இசைத்திறன் வேறுபாட்டில் பயிற்சியால் விளக்கத்தக்கது ஏறத்தாழ 21 விழுக்காடே என்றது. எஞ்சிய பங்கு முழுவதும் பிறவிக் கூறே என முடிவுகட்டுதல் தவறாகும். தொடங்கிய வயது, வாய்த்த ஆசிரியர், வீட்டுச்சூழல், கேட்டுப் பழகிய இசை ஆகியனவும் பயிற்சி மணிநேரக் கணக்கிற்கு வெளியேதான் நிற்கின்றன. தமிழ் மரபு கேள்வி என்றழைத்ததை மணிநேரக் கணக்குகள் அளப்பதில்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. ஜி.என்.பி., செம்மங்குடி ஆகிய இருவருள்ளும் இயல்பு, பயிற்சி, கேள்வி ஆகிய மூன்றும் இருந்தன. இருவேறு குரல்களின் இணக்கமும் முரணும் அம்மூன்றுள் வெவ்வேறு கூறுகளைப் புலப்படுத்தின. சிலப்பதிகாரம், சிந்தாமணி, திருவிளையாடற் புராணம் ஆகியன பிறப்பைச் சொன்னாலும் பயிற்சியையும் கேள்வியையும் கேட்போர் நடுநிலையையும் மிகுத்துப் பேசின. இவ்வகையில் பண்டை இலக்கியங்கள் நம் காலத்து மேடைப்பேச்சினும் நுட்பமான கலைத்திறனாய்வைக் கொண்டுள்ளன.

இதன் நடைமுறைப் பயன் கருதத்தக்கது. கேள்வி ஒருவர் தாமே முயன்று பெறுவது மட்டுமன்று. பிறந்த வீடும் வாழும் தெருவும் அதனைக் கொடுக்கவோ மறுக்கவோ செய்கின்றன. திருவல்லிக்கேணி இல்லமும், திருக்கோடிக்காவல் வீடும், தனம்மாளின் வெள்ளிக்கிழமைகளும் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. அவை வாய்க்காத மாணவரைச் சேர்க்கை நேர்காணலில் ஐந்து நிமிடம் பாடச்சொல்லி, 'இயல்பான வளம் இல்லை' என விலக்கும்போது நாம் அளப்பது பெரும்பாலும் அவருக்குக் கிடைக்காமற்போன கேள்வியையே ஆகும். அத்தகைய ஐந்து நிமிடச் சோதனையில் இளைஞர் செம்மங்குடி தேறியிருப்பாரா என்பது ஐயமே. இசைக்கல்லூரிகள் கற்பித்தலுக்கு ஒதுக்கும் நேரத்திற்கு இணையாகக் கேட்டலுக்கும் நேரம் ஒதுக்குவதும், குரலைச் சோதிக்கும் முன் ஓராண்டேனும் செவியை வளர்ப்பதும் இம்மரபிற்கு இசைந்த செயல்களாகும்.

மதுரையில் இறைவன் இசைபாட எடுத்துக்கொண்ட வடிவம் மேதையினுடையதன்று; தகுதியில்லை என ஆசிரியரால் விலக்கப்பட்ட மாணவனுடையது. புராணம் வேண்டுமென்றே அவ்வேடத்தைத் தேர்ந்தது எனக் கொள்ளின், கலை கற்பிப்போர்க்கு அது விடுக்கும் எச்சரிக்கை தெளிவானதே.